பைன் காட்டுக்கு எந்தத் தீ வேண்டும்?

1988 கோடையில் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான பரப்பில் தீ பரவியது. பூங்காவே அழிந்துவிட்டது என்றுதான் பலரும் பேசினார்கள். ஆனால் யாரும் நடாமலே கரிந்த மண்ணில் பைன் கன்றுகள் கூட்டங்கூட்டமாக முளைத்தன. அவற்றின் விதை எரிந்த மரங்களின் கிளையிலேயே இருந்தது.

அங்கே பெரும்பான்மை லாட்ஜ்போல் பைன். இதன் விதைகள் இருக்கும் கூம்புகளில் பல முற்றிய பிறகும் திறப்பதில்லை. செதில்களைப் பிசின் இறுக ஒட்டி வைத்திருக்கும். 45 முதல் 60 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறினால்தான் பிசின் இளகும். மரத்தின் உச்சிவரை ஏறும் தீ சட்டென்று கடந்துவிடுவதால் மரம் செத்தாலும் தடித்த கூம்புக்குள் விதை பிழைத்துக்கொள்கிறது. அப்புறம் செதில் விரிந்து விதை உதிரும்போது கீழே சருகில்லாத வெறும் மண், மேலே தடையில்லாத வெயில். நிழலில் தேறாத பைன் கன்றுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் இந்த ஏற்பாட்டுக்கு ஒரு தீக்கும் அடுத்த தீக்கும் நடுவே நீண்ட இடைவெளி தேவை. இளமரங்களில் கூம்புச் சேமிப்பு குறைவு. 1988-க்குப் பின் வளர்ந்த காட்டின் சில பகுதிகள் 2016-இல் மறுபடியும் எரிந்தபோது, கன்றுகள் முன்பைவிட மிகக் குறைவாகவே முளைத்தன.

பாண்டரோசா பைன் நேர் எதிர். அது தீயில் சாகாமல் இருக்கப் பார்க்கும். பட்டை தடிமன், வளர வளரக் கீழ்க்கிளைகளை உதிர்த்துவிடும். புல்லையும் சருகையும் மட்டும் தின்றுபோகும் தரைத்தீயால் உச்சிக்கு ஏற முடியாது. அடிமரத்தில் விழும் காயத்தை ஆண்டு வளையங்கள் பதிந்து வைத்திருக்கும். அவற்றை எண்ணிப் பார்த்தால், பல இடங்களில் 5 முதல் 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை தீ வந்துபோனது தெரிகிறது.

என்னைக் கேட்டால், இவற்றில் கெட்டிக்கார மரம் தென்கிழக்கு அமெரிக்காவின் லாங்லீஃப் பைன்தான். முளைத்த பிறகு சில ஆண்டுகள் உயரவே உயராது. பார்க்கப் புல் புதர் மாதிரி இருக்கும். அந்தக் காலமெல்லாம் வேரைத்தான் வளர்க்கும். தீ வந்தால் நீண்ட ஊசியிலைகள் கருகும். அவை சுற்றி மூடிய நுனிமொட்டு தப்பிவிடும். பிறகு வேரில் சேர்த்ததையெல்லாம் செலவழித்து விறுவிறுவென மேலே போகும். தீ அந்த மொட்டை எட்டும் உயரத்தை வேகமாகத் தாண்டத்தான் இந்த அவசரம்.

இதையெல்லாம் கணக்கில் எடுக்காமல் எல்லாத் தீயையும் ஒரே மாதிரி அணைத்ததுதான் கோளாறு. 1910-இல் ஐடஹோ, மொன்டானா மாநிலங்களில் ஏறத்தாழ 30 லட்சம் ஏக்கர் எரிந்த அதிர்ச்சிக்குப் பின் அமெரிக்க வனத்துறை கடுமையானது. எந்தத் தீயையும் மறுநாள் காலை 10 மணிக்குள் கட்டுப்படுத்த வேண்டும் என்று 1935-இல் விதியே வந்தது. விளைவு, பாண்டரோசா காட்டுக்குள் சின்ன மரங்களும் புதர்களும் நெருக்கியடித்து வளர்ந்து, தரைத்தீ உச்சிக்கு ஏற ஏணியாக நின்றன. தரையோடு போயிருக்க வேண்டிய தீ உச்சியைப் பிடிக்கிறது. கூம்பைப் பூட்டி வைக்காத இந்த மரம் உச்சித்தீயில் செத்தால் அங்கே மிச்ச விதை கிடையாது. அதனால்தான் இப்போது ஈரப்பதமும் காற்றும் பார்த்து, வனத்துறையினரே அளவாகத் தீ வைக்கிறார்கள்.

வீடுகள் நெருங்கிய இடங்களில் அதுவும் கஷ்டம். மிச்சிகனில் கிர்ட்லண்ட் வார்ப்ளர் என்ற சிறு பறவை, ஏறக்குறைய 5 முதல் 20 வயதுள்ள ஜாக் பைன்களின் தாழ்ந்த கிளைகளுக்கு அடியில் தரையில் கூடு கட்டும். முன்பு அந்த இளங்காட்டைத் தீ உண்டாக்கியது. தீயை அணைக்கத் தொடங்கியதும் இளங்காடு குறைந்தது, பறவையும் குறைந்தது. இப்போது வளர்ந்த மரங்களைப் பகுதி பகுதியாக வெட்டிவிட்டு ஜாக் பைன் கன்றுகளை நெருக்கமாக நடுகிறார்கள். 2019-இல் அந்தப் பறவை அமெரிக்காவின் அருகிவரும் உயிரினங்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. நடவு மட்டும் இன்னும் நிற்கவில்லை.