மூன்றில் ஒரு பங்கு வாக்கு, பாதி இடங்கள்: மரீன் லு பென்னும் ஒரு வகுத்தல் கணக்கும்

பிரான்சின் தீவிர வலதுசாரி அரசியல்வாதி மரீன் லு பென் தோற்றார், தோற்றார் என்றே செய்தி வருகிறதே, அப்புறம் எப்படி 2004 முதல் 2017 வரை ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார் என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அவருடைய அரசியல் பிடிக்கிறதோ இல்லையோ, விடை வாக்கைப் பிரிக்கும் முறையில் இருக்கிறது.

பிரான்சின் தேசிய சட்டமன்றத்துக்குத் தொகுதிக்கு ஒருவர்தான். 2012-இல் எனான்-பொமோன் என்ற வட பிரான்ஸ் நகரம் அடங்கிய தொகுதியில் லு பென் 118 வாக்கில் தோற்றார். அவ்வளவு வாக்கு வாங்கியும் கையில் ஒன்றுமில்லை. ஐரோப்பியத் தேர்தலில் மக்கள் பட்டியலுக்கு வாக்களிக்கிறார்கள். 5 சதவீதம் தாண்டிய பட்டியல்கள் இடங்களைப் பங்கு போட்டுக்கொள்கின்றன.

அந்தப் பங்கு போடும் விதம்தான் அழகு. 2014-இல் அவர் நின்ற வடமேற்குத் தொகுதிக்கு 10 இடங்கள். அவருடைய தேசிய முன்னணிக்கு 33.6 சதவீதம், யுஎம்பி என்ற மிதவாத வலதுசாரிக் கட்சிக்குச் சுமார் 18.7, சோஷலிஸ்டுகளுக்கு 11.7, மையவாதிகளுக்கு 9, பசுமைக் கட்சிக்கு 7. ஒவ்வொரு எண்ணையும் 1, 2, 3, 4 என்று வகுத்துக்கொண்டே போங்கள். லு பென்னின் வரிசை 33.6, 16.8, 11.2, 8.4, 6.7. யுஎம்பியின் வரிசை 18.7, 9.3, 6.2. எல்லா ஈவுகளையும் ஒன்றாகக் கொட்டி, பெரிய பத்தைப் பொறுக்கினால் தேர்தல் முடிந்தது. கடைசியாக உள்ளே வந்தது 6.7. வாசலில் நின்றுபோனது யுஎம்பியின் 6.2.

இனி அந்த 6.7-ஐ ஓர் இடத்தின் விலை என்று வைத்துப் பாருங்கள். லு பென்னின் 33.6, மிச்சமே இல்லாமல் ஐந்து இடங்களை வாங்கிவிட்டது. யுஎம்பி இரண்டு வாங்கியதும் 5.3 சதவீதம் வீணாகிறது. சோஷலிஸ்டுகள் ஒன்றுக்கு விலை கொடுத்துவிட்டு 5 சதவீதத்தை இழக்கிறார்கள். சின்னப் பட்டியல்களுக்குப் போன ஐந்தில் ஒரு பங்கு வாக்குக்கு எதுவும் கிடைக்கவில்லை. மூன்றில் ஒரு பங்கு பாதியானது இப்படித்தான்.

பிரான்சின் பிராந்திய மன்றத் தேர்தலில் இதே வகுத்தலுக்கு முன்னால் ஒரு பரிசு உண்டு. இரண்டாம் சுற்றில் முந்தும் பட்டியலுக்குக் கால்வாசி இடங்கள் நேராகப் போய்விடும். மீதியில்தான் பங்கீடு, அதிலும் முந்தியவருக்குப் பங்கு உண்டு. 2015 டிசம்பரில் வட பிரான்சில் முதல் சுற்றில் லு பென் 40 சதவீதம் தாண்டி முந்தினார். சோஷலிஸ்டுகள் விலகிக்கொள்ள, இரண்டாம் சுற்றில் மிதவாத வலதுசாரி வேட்பாளர் சேவியர் பெர்த்ராங் 57.8, லு பென் 42.2. மொத்தம் 170 இடங்கள். பரிசு 43, மீதி 127-இல் 73 பெர்த்ராங்குக்கு, 54 லு பென்னுக்கு. முடிவு 116-க்கு 54.

தேர்தல் வந்தால் டிவியில் ஜோசியரை உட்கார வைப்பதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வரும். அந்த அரை மணி நேரத்தில் இந்த அட்டவணையைப் போட்டுக் காட்டலாம். ஆரம்பப் பள்ளிக் கணக்குதான்.

2019 முதல் பிரான்ஸ் முழுவதும் ஒரே ஐரோப்பியத் தொகுதி. 2024-இல் அதற்கு 81 இடங்கள். தேசியப் பேரணி என்று பெயர் மாற்றிக்கொண்ட அதே கட்சி 31.4 சதவீதம் வாங்கி 30 இடங்களைப் பெற்றது. ஓர் இடத்தின் விலை 1 சதவீதத்துக்குக் கிட்டத்தட்ட இறங்கிவிட்டதால், மற்றக் கட்சிகளின் கையில் வீணாகும் மிச்சமும் சுருங்கிவிட்டது.