ஸ்பினல் பொட்டலத்தில் ஒளிந்திருந்த டாஃபைட்

1945இல் டப்ளினில், ஒரு நகைக்கடையின் பழைய கற்களைக் கிளறிய ரிச்சர்ட் டாஃபே, ஸ்பினல் என்று வாங்கிய வெளிர் ஊதாக் கல்லை லென்ஸில் பார்த்தார். அடிப்பட்டைகளின் விளிம்புகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. ஸ்பினலில் அதற்கு வழியே இல்லை. 1.419 காரட் எடையுள்ள அந்தக் கல் லண்டன் ஆய்வகத்துக்குப் போனது. புதிய கனிமம் என்று தெரிந்தது; டாஃபேயின் பெயரால் டாஃபைட் ஆனது. பட்டை தீட்டிய கல்லிலிருந்தே முதன்முதலில் கண்டறியப்பட்ட கனிமம் இது. இதுவரை கிடைத்த டாஃபைட்டில் கணிசமானவை இலங்கையின் ஆற்றுச் சரளையிலிருந்து வந்தவை.

எடை போட்டுப் பார்த்துப் பயனில்லை. ஸ்பினல், டாஃபைட் இரண்டின் ஒப்படர்த்தியும் (நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 3.60ஐ ஒட்டியே நிற்கும். கடினத்தன்மை ஸ்பினலுக்கு 8, டாஃபைட்டுக்கு 8 முதல் 8.5. ஒளிவிலகல் எண்ணும் அப்படியே: ஸ்பினல் 1.718, டாஃபைட் ஏறக்குறைய 1.719 முதல் 1.723.

வேறுபாடு அணுக்களின் அடுக்கில் இருக்கிறது. ஸ்பினல் கனசதுரப் படிகம். எத்திசையிலும் ஒளிக்கு ஒரே வேகம். பெரிலியமும் சேர்ந்த டாஃபைட் அறுகோணப் படிகம். அதில் நுழையும் கதிர் இரண்டாகப் பிரிந்து வெவ்வேறு வேகத்தில் போகும். ஆனால் அவ்விரண்டு கதிர்களின் ஒளிவிலகல் எண்களுக்கு இடையிலான இடைவெளி சுமார் 0.004தான், நீலக்கல்லில் பாதி. அதனால்தான் சிறிய கற்களில் இரட்டிப்பு கண்ணுக்குத் தப்புகிறது.

ஆகவே கல்லை, ஒன்றுக்கொன்று குறுக்காகத் திருப்பிய இரண்டு போலராய்டு தகடுகளுக்கு நடுவே வைத்து ஒரு முழுச் சுற்று சுழற்ற வேண்டும். ஸ்பினல் இருண்டே கிடக்கும். டாஃபைட் நான்கு முறை வெளுத்து நான்கு முறை இருளும். இங்கே இரண்டு இடத்தில் சறுக்கும். கதிர் இரண்டாகப் பிரியாத திசையான ஒளியச்சின் வழியே பார்த்தால் டாஃபைட்டும் இருண்டே இருக்கும். கல்லைப் புரட்டி வேறு திசையில் மறுபடி பார்க்காமல் முடிவு சொல்லக் கூடாது. செயற்கை ஸ்பினலோ உள்ளழுத்தத்தால் வரிவரியாக மினுக்கும். அது கல் முழுவதும் ஒரே சீராக வெளுக்காது.

பிறகு ஒளிவிலகல்மானி. கல்லின் மேலுள்ள தட்டையான மேசைப்பட்டையைக் கருவியின் கண்ணாடிமேல் வைத்து, கண்வில்லைமேல் போலராய்டு பொருத்தி, கல்லைச் சிறிது சிறிதாகத் திருப்புங்கள். ஒவ்வொரு நிலையிலும் போலராய்டையும் சுழற்றுங்கள். 1.723 அருகே ஒரு நிழற்கோடு அசையாமல் நிற்கும். மற்றது அதற்குக் கீழே நகரும். ஒரே வாசிப்போடு நிறுத்துபவருக்கு அது ஸ்பினலாகவே படும்.

இவ்வளவும் தேறினாலும் மஸ்கிரவைட் பாக்கி இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் மஸ்கிரேவ் மலைத்தொடரின் பெயர் பெற்ற இதற்கும் அதே தனிமங்கள், ஏறத்தாழ அதே எண்கள். கைக்கருவிகளால் இரண்டையும் பிரிக்க முடியாது. லேசர் ஒளி சிதறுவதை அளக்கும் ராமன் நிறமாலை போன்ற ஆய்வகச் சோதனை தேவை. விலை கொடுப்பதற்குமுன், அந்தச் சோதனை நடந்ததா என்று ஆய்வகத்திடமே கேளுங்கள்.