விழுந்த குழந்தை யாரைப் பார்க்கிறது?

ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனை என்னிடம் அழைத்து வந்திருந்தார்கள். விளையாட்டில் தோற்றால் பலகையைத் தள்ளிவிடுகிறான், வீட்டுப்பாடத்தில் ஒரு பிழை வந்தால் நோட்டைக் கிழிக்கிறான் என்பது புகார். தாளும் பென்சிலும் கொடுத்து ஒரு வீடு வரையச் சொன்னேன். கூரைக்கோடு சற்றே சாய்ந்தது. அழித்தான். மறுபடி வரைந்தான், மறுபடி அழித்தான். நான்காவது முறை தாளில் ஓட்டை விழுந்தது. உடனே நிமிர்ந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தான். அவர் என் பக்கம் திரும்பி, "பார்த்தீர்களா மேடம்? இதைத்தான் சொன்னேன். இவன் மனத்தைக் கொஞ்சம் திடப்படுத்திக் கொடுங்கள்" என்றார்.

மகன் மீது உயிரையே வைத்திருப்பவர் அவர். ஆனாலும் அந்தச் சில நொடிகளில் பையன் தேடியது அவருக்குத் தெரியவில்லை. நடக்கப் பழகும் குழந்தை தடுக்கி விழுந்ததும் அழுவதற்கு முன் பெரியவர்களின் முகத்தைப் பார்ப்பதைக் கவனித்திருப்பீர்கள். 'இது பெரிய ஆபத்தா, சமாளித்துவிடலாமா?' என்று அது நம் முகத்தில் விடை தேடுகிறது. ஒன்பது வயதிலும் அந்தப் பழக்கம் போவதில்லை. வெளியே தெரியாதபடி மறைத்துக்கொள்ளக் கற்றுக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

தடுமாறினாலும் மீண்டு எழும் ஆற்றலை மீள்திறன் என்கிறோம். அதைக் குழந்தைக்குள் ஊற்றி நிரப்பிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். கஷ்டப்பட்டால்தான் உறுதி வரும் என்று கண்டிப்பைக் கூட்டுகிறவர்களும் உண்டு. இந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க நல்ல சான்று ஒன்று இருக்கிறது. ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர், ரூத் ஸ்மித் என்ற இரண்டு உளவியலாளர்கள் அவர்களுடைய நாற்பது வயது வரை பின்தொடர்ந்து ஆராய்ந்தார்கள். வறுமை, பிரசவச் சிக்கல், பெற்றோரின் மனநோய், குடி, ஓயாத சண்டை எனப் பல சுமைகளை ஒருசேரச் சுமந்த குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் தன்னம்பிக்கையும் அக்கறையும் உள்ள பெரியவர்களாக வளர்ந்தார்கள். எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுவது இந்த ஒரு பங்குதான். மற்ற இரண்டு பங்கினரையும் நினைத்துப் பாருங்கள். படிப்பிலோ நடத்தையிலோ மனநலத்திலோ அவர்கள் தடுமாறினார்கள். கஷ்டம் தானாக யாரையும் உறுதியாக்கிவிடவில்லை.

தேறி வந்தவர்களிடம் பொதுவாகக் காணப்பட்டவற்றுள் முக்கியமானது, இளம் வயதிலேயே அவர்களோடு நெருங்கிய பிணைப்புக் கொண்ட பெரியவர் ஒருவராவது இருந்தார் என்பது. அவர் பெற்றோராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தாத்தாவோ பாட்டியோ, அத்தையோ, ஆசிரியரோ, பக்கத்து வீட்டுக்காரரோ அந்த இடத்தில் இருந்தார்கள். பதின்வயதில் தடுமாறியவர்களிலும் பெரும்பாலோர் பிற்பாடு, நல்ல துணையோ படிப்போ வேலையோ வாய்த்தபோது மீண்டார்கள். 'இனி என்ன செய்து என்ன, வயது தாண்டிவிட்டதே' என்று கலங்கும் பெற்றோரிடம் நான் மறக்காமல் சொல்லும் செய்தி இது.

குழந்தை பதறும்போது இதயம் வேகமாக அடிக்கிறது, கார்டிசால் போன்ற அழுத்த ஹார்மோன்கள் கூடுகின்றன. நம்பிக்கைக்குரிய ஒருவர் பக்கத்தில் இருந்து ஆற்றினால் உடல் இயல்புநிலைக்குத் திரும்புகிறது. இப்படிப் பலமுறை ஏறி இறங்கித்தான் தானே அமைதியடையும் வித்தையை உடல் கற்கிறது. ஆற்றுவார் இல்லாமல் அழுத்தம் நீண்டுகொண்டே போனால், அது வளரும் மூளையையும் உடலையும் பாதிக்கும்.

இதைச் சொன்னதும் பெற்றோருக்கு இன்னொரு பயம் வந்துவிடுகிறது. ஒரு முறை கத்திவிட்டாலும் எல்லாம் கெட்டுப்போய்விடுமோ என்று குற்ற உணர்வில் தவிக்கிறார்கள். அப்படி இல்லை. 1970-களில் எட்வர்ட் டிரானிக் என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். கொஞ்சிக்கொண்டிருந்த தாய், சில நிமிடம் முகத்தில் சலனமே இல்லாமல் குழந்தையைப் பார்த்தபடி இருக்க வேண்டும். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், பிறகு முகத்தைத் திருப்பிக்கொள்ளும், அழும். அதே டிரானிக் இன்னொன்றையும் காட்டினார்: இயல்பாகப் பழகும் தாய்க்கும் சேய்க்கும் இடையில்கூட முழு இசைவு இருப்பது கொஞ்ச நேரம்தான். மற்ற நேரமெல்லாம் பிசகுவதும் சரிசெய்துகொள்வதுமாகவே போகிறது. பிசகு சரியாகும் என்ற நம்பிக்கை குழந்தைக்குள் ஊறுவது அந்தச் சரிசெய்தலில்தான். கத்திய பிறகு திரும்பிப் போய், "நான் கத்தியது தவறு" என்று சொல்லும் பெற்றோரை நான் மனமாரப் பாராட்டுவேன்.

ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். அடியும் அவமானமும் பாலியல் சீண்டலும் நடக்கும் இடத்தில், குழந்தையின் மீள்திறனைப் பற்றிப் பேசுவது அநியாயம். முதல் வேலை அதை நிறுத்துவது. வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் அவமானப்படுத்தப்படும் பிள்ளையிடம், "நீ இதையெல்லாம் கண்டுகொள்ளாதே" என்று சொல்லி அனுப்பாதீர்கள். பள்ளிக்குப் போய்ப் பேசுங்கள். தூக்கமோ பசியோ வாரக்கணக்கில் கெட்டிருந்தால், பிடித்த விளையாட்டில்கூட நாட்டம் போயிருந்தால், தயங்காமல் மனநல நிபுணரிடம் அழைத்துச் செல்லுங்கள். 'செத்துப்போகலாம் போலிருக்கிறது' என்று விளையாட்டாகச் சொன்னாலும் அன்றைக்கே அழைத்துச் செல்லுங்கள்.

அந்தச் சிறுவனின் அப்பாவுக்கு நான் கொடுத்த வேலை சிறியதுதான். பையன் பிழை செய்யும்போது வாயைத் திறக்கும் முன் மனத்துக்குள் பத்து எண்ண வேண்டும். இரவில் படுக்கும் நேரத்தில், அன்று அலுவலகத்தில் தான் செய்த பிழை ஒன்றையும் அதை எப்படிச் சரிசெய்தார் என்பதையும் அவனுக்குச் சொல்ல வேண்டும். முதல் வாரம் அவருக்கே கூச்சமாக இருந்ததாம். பையனோ, "அப்புறம் உங்கள் மேலதிகாரி என்ன சொன்னார்?" என்று கதை கேட்பதுபோல் துருவத் தொடங்கிவிட்டான்.

ஆறாவது வாரம் வந்தபோது அவர் முகம் வாடியிருந்தது. "நேற்று என்னை மீறிக் கத்திவிட்டேன் மேடம். நோட்டைக் கிழித்துவிட்டான். கொஞ்ச நேரம் கழித்துப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என்ன பேசுவதென்று தெரியவில்லை, 'மன்னித்துக்கொள்' என்று மட்டும் சொன்னேன்" என்றார்.

"அவன் என்ன செய்தான்?" என்று கேட்டேன்.

"ஒன்றும் சொல்லவில்லை. பென்சிலை நீட்டி, சீவித் தரச் சொன்னான்."