கார்னே அசாதா: இது வறுவல் இல்லை

ஒரு மெக்சிகோ தொடரைத் தமிழ் வரிகளோடு பார்த்துக்கொண்டிருந்தேன். முற்றத்தில் கரியடுப்பு புகைகிறது. கம்பிவலையில் கிடக்கும் இறைச்சியிலிருந்து கொழுப்பு சொட்டி, கீழே தணல் சீறுகிறது. அந்த வீட்டு அம்மா ‘கார்னே அசாதா’ என்கிறாள். திரையின் அடியில் ஓடுகிற வரி: ‘ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் வறுத்த இறைச்சி.’ கண்ணெதிரே நெருப்பு எரிகிறது, மொழிபெயர்த்தவர் வறுக்கிறார்! இதே ‘வறுத்த இறைச்சி’யை ஓர் உணவகப் பட்டியலில் பார்த்தாயிற்று, சமையல் குறிப்பில் ‘மெக்சிகன் மாட்டுக்கறி வறுவல்’ என்றும் பார்த்தாயிற்று. இதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

சொல் பிறப்பைச் சட்டென்று முடித்துவிடலாம். கார்னே என்றால் ஸ்பானிய மொழியில் இறைச்சி, லத்தீனிலிருந்து வந்தது. அசார் என்றால் சுடுதல், அதுவும் லத்தீன் வழிதான். அசாதா அதன் எச்சவடிவம். ஆக, கார்னே அசாதா என்றால் ‘சுட்ட இறைச்சி’. மாடு என்பது சொல்லில் இல்லை, வழக்கத்தில் இருக்கிறது. உச்சரிப்பைப் பொறுத்தவரை ‘அசாடா’ என்று எழுதுவது ஆங்கிலக்காரர் வாய்வழி கேட்டதால் வந்த வினை. உயிரெழுத்துகளுக்கு நடுவில் ஸ்பானியர் அந்த ஒலியை மென்மையாகத்தான் சொல்கிறார்கள். ‘அது’, ‘காது’ என்னும்போது நம் வாயில் வருகிற அதே த. தமிழ் எழுத்து இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிற இடம் கிடைப்பதே அபூர்வம், அதையும் கெடுத்து வைத்திருக்கிறோம்.

சரி, ‘வறுத்த’ எங்கிருந்து வந்தது? ஸ்பானிய மூலத்தை யாரும் பார்ப்பதில்லை. ஆங்கிலத்தில் ‘ரோஸ்ட்’ என்று விளக்கம் இருக்கும், அகராதியில் ரோஸ்ட்டுக்கு நேரே ‘வறு’ என்று இருக்கும், வேலை முடிந்தது. ஆங்கிலக்காரருக்குக் காப்பிக்கொட்டையும் ரோஸ்ட், ஓவனுக்குள் வைத்த முழுக்கோழியும் ரோஸ்ட். நமக்கோ அவை வேறு வேறு வேலைகள், வேறு வேறு வினைச்சொற்கள். (நம் ஓட்டல்களில் முறுகலான தோசையும் ரோஸ்ட்தான் என்பதால், அந்தச் சொல்லை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது.)

வறுப்பதற்கு ஒரு சட்டி வேண்டும், ஒரு கரண்டி வேண்டும். ரவை, கடலை, மிளகாய் என்று எதை வறுத்தாலும் பாத்திரத்தின் சூட்டில் போட்டுக் கிளறுகிறோம். கறி வறுவல் என்றால், மசாலாவோடு வேகவிட்டு, தண்ணீர் சுண்டி எண்ணெய் பிரியும்வரை புரட்டி எடுப்பது. கார்னே அசாதாவில் சட்டியும் இல்லை, கிளறுதலும் இல்லை. இறைச்சி நேராகத் தணலைப் பார்க்கிறது, ஒரே ஒரு முறை திருப்பிப் போடுகிறார்கள்.

சொல்தானே, இதற்கு ஏன் இவ்வளவு என்று கேட்பவர்களுக்கு என் நண்பர் ஒருவரின் கதை. ‘எலுமிச்சைச் சாற்றில் ஊறிய இறைச்சியை வறுக்கவும்’ என்ற குறிப்பை நம்பி, சாறோடு சேர்த்து வாணலியில் கொட்டிவிட்டார். தண்ணீர் விட்டது. அது வற்றும்வரை கிளறினார். கடைசியில் கிடைத்தது எலுமிச்சை நாற்றமடிக்கும் சாம்பல் நிற ரப்பர். அவர் மேல் தப்பில்லை, குறிப்பு சொன்னபடிதான் செய்தார். ஈரம் இருக்கும்வரை இறைச்சியின் மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது. பழுப்பு நிறமும் மணமும் வருவதற்கு 140 டிகிரி போல வேண்டும். அதனால்தான் ஊறியதை எடுத்துச் சாற்றை வடித்து, துடைத்து, அப்புறம் நல்ல தணலில் போடுகிறார்கள். ‘சுடவும்’ என்று எழுதியிருந்தால் நண்பர் வாணலியைத் தேடியே இருக்கமாட்டார்.

‘சுடு’ என்ற சொல்லுக்கு மறுப்பும் வரும், தெரியும். பாட்டி வடை சுட்டாளே, அது எண்ணெய்ச் சட்டிதானே? தோசை சுடுகிறோமே, கல்லில்தானே? உண்மைதான். ஆனால் அதெல்லாம் மாவுப் பண்டத்துக்கு. கிழங்கு, கத்தரிக்காய், கருவாடு, கறி இவற்றைச் ‘சுட்டது’ என்றால் நெருப்பில் காட்டியது என்றுதான் எவருக்கும் படும். ‘சுட்ட’ என்றால் திருடியது என்றும் ஆகிவிட்டதே என்பார் இன்னொருவர். ஆகட்டும். ‘சுட்ட கதை’யைக் கண்டுபிடிக்கிறவருக்குச் ‘சுட்ட கறி’ புரியாதா?

பழைய சாட்சியும் கைவசம் இருக்கிறது. பொருநராற்றுப்படையில் கரிகாலன் வைத்த விருந்தில் ‘காழிற் சுட்ட கோழூன் கொழுங்குறை’ வருகிறது. கம்பியில் கோத்துச் சுட்ட கொழுத்த ஊன் துண்டங்கள். சூடு பொறுக்காமல் வாயில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி மாற்றி ஒற்றித் தின்கிறார்கள். அதற்கு முந்தைய வரியிலேயே வெந்த தொடைக்கறிக்குத் தனியாக ‘வேவை’ என்று சொல்லியாயிற்று. வெந்ததையும் சுட்டதையும் அந்தப் புலவர் குழப்பிக்கொள்ளவில்லை.

‘மெக்சிகன் பார்பெக்யூ’ என்று தப்பித்துக்கொள்வோரும் உண்டு. அது இன்னும் மோசம். பார்பெக்யூ என்ற சொல்லின் ஸ்பானிய மூலம் ‘பார்பக்கோவா’. அந்தப் பெயரில் மெக்சிகோவில் வேறொரு பண்டமே இருக்கிறது; கற்றாழை போன்ற மகேய் மடல்களைப் போட்டு மண்குழிக்குள் மணிக்கணக்கில் வேகவைப்பது. இதைப் போய் அது என்று சொல்லலாமா?

‘மாரினேட்’டுக்குச் சிலர் ‘நொதிக்க வைக்கவும்’ என்று எழுதுகிறார்கள். தலையில் அடித்துக்கொள்ள வேண்டியதுதான். நொதிப்பது இட்லி மாவு. இங்கே இறைச்சி எலுமிச்சை, பூண்டு, கொத்தமல்லித்தழை, பச்சை மிளகாய், கொஞ்சம் சீரகம், சிலர் வீட்டில் ஆரஞ்சுச் சாறு என்று கலந்ததில் ‘ஊறுகிறது’. ஊறுகாய் போட்டவர்களுக்கு இந்தச் சொல்லைக் கற்றுத்தர வேண்டுமா? இரண்டு முதல் நான்கு மணி நேரம் போதும். இரவு முழுக்கப் போட்டால் புளிப்பு இறைச்சியின் மேற்பரப்பைக் கூழாக்கிவிடும்.

இந்த ஊறலும் கட்டாயமில்லை. வடமேற்கே சொனோரா மாநிலத்தில் பல வீடுகளில் உப்பு மட்டும்தான். இறைச்சியும் தணலும் நன்றாக இருந்தால் சரி என்பார்கள். தணல் மெஸ்கீட் என்ற மரத்தின் கரி. அது யாரென்றால், நம் ராமநாதபுரம் பக்கம் எல்லாரும் திட்டித் தீர்க்கிற, ஆனால் மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்கிற சீமைக் கருவேலத்தின் நெருங்கிய சொந்தம். வீட்டில் செய்ய நினைப்பவருக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது. இறைச்சியில் ‘அர்ராச்சேரா’ என்ற உதரவிதானத் துண்டு பெயர் போனது. கறிக்கடையில் அந்தப் பெயர் செல்லாது. நீளமாக நார் ஓடுகிற மெல்லிய துண்டாகக் கேளுங்கள். விரல் தடிமனுக்குப் பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம், எடுத்து ஐந்து நிமிடம் ஆறவிட்டு, நாருக்குக் குறுக்கே வெட்ட வேண்டும். நார் போகும் திசையிலேயே வெட்டினால் மெல்ல முடியாது. தணல் இல்லையென்றால் இரும்புத் தோசைக்கல்லைப் புகை வரக் காயவைத்துப் போடலாம், அதையும் நாம் சுடுவது என்றுதான் சொல்கிறோம்.

எழுத்தில் ‘சுட்ட இறைச்சி’ என்று பிரித்தே எழுதலாம். ‘சுட்டிறைச்சி’ என்று சேர்த்தால் அழகுதான், ஆனால் எதையோ சுட்டிக்காட்டுவது போல ஒரு சாயல் வருகிறது. ஈழத்தில் கறி என்றால் குழம்பு வகை, அதனால் ‘சுட்ட கறி’ அங்கே குழப்பும். இறைச்சி இரண்டு கரையிலும் செல்லும்.

ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. வட மெக்சிகோவில் கார்னே அசாதா என்பது பண்டத்தின் பெயர் மட்டுமில்லை, அதற்காகக் கூடுகிற கூட்டத்துக்கும் அதே பெயர். பொங்கல் என்றால் நமக்குச் சோறும் பண்டிகையும் ஆவது போல. அந்தத் தொடரில் வந்தது இரண்டாவது பொருள். சொந்தபந்தம் எல்லாம் வரப்போகிறது என்பதற்காகத்தான் அந்த அம்மா அதைச் சொல்கிறாள். அங்கே ‘சுட்ட இறைச்சி’ என்று போட்டாலும் பாதிதான் சரி. நானாக இருந்தால் இப்படிப் போட்டிருப்பேன்: ‘ஞாயித்துக்கிழமை வீட்டுல கறி சுடுறோம், எல்லாரும் வந்துடுங்க.’