நிறுத்த வேண்டியதை விட்டுவிட்டு பிரஷர் மாத்திரையை நிறுத்துகிறீர்களே!

"மாத்திரை தின்னு தின்னுதாங்க சார் கிட்னி போயிடுச்சு."

இதைக் கேட்காமல் என் ஓ.பி. முடிந்த நாள் குறைவு. ஆத்தூரிலிருந்து வருகிற விவசாயி சொல்கிறார், எடப்பாடித் தறிக்காரர் சொல்கிறார், ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் படித்த மனிதரும் அதையே இங்கிலீஷில் சொல்கிறார். சரி, எந்த மாத்திரையை நிறுத்தினீர்கள் என்று கேட்டால் பிரஷர் மாத்திரை. எதை நிறுத்தவில்லை என்று கேட்டால் முட்டிவலிக்கு மெடிக்கலில் வாங்குகிற செட்.

இத்தனை நாள் வாயால் சொல்லிப் பார்த்தாயிற்று. அண்மையில் ஒருவர் வந்த நிலையைப் பார்த்த பிறகு எழுதிவிடுவதே மேல் என்று தோன்றியது. அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். ஐம்பதைத் தாண்டியவர், கொலுசுப் பட்டறையில் வேலை. சர்க்கரை பத்து வருடத்துக்கு மேல். வேறொரு மருத்துவர் பிரஷருக்கு டெல்மிசார்டனும் சர்க்கரைக்கு டாபாக்ளிஃப்ளோசினும் எழுதிக் கொடுத்திருந்தார். சரியான மருந்துகள், சரியான அளவு. இரண்டு வாரத்தில் ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னதும் சரி. அதில் 1.4 ஆக இருந்த கிரியேட்டினின் (சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு) 1.6 என்று வந்தது. அதை அந்த மருத்துவரிடம் காட்டியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். இவர் மச்சானிடம் காட்டினார். "உப்பு ஏறுது மாப்ள, இந்த மாத்திரைதான் வேலைய காட்டுது, நிறுத்திரு" என்றார் மச்சான். இரண்டையும் நிறுத்திவிட்டு, யாரோ கொடுத்த சூரணத்தை ஆரம்பித்தார்கள். நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்கிற முதுகு வலிக்குமே, அதற்கு செட் மாத்திரை எப்போதும்போல.

சில மாதங்கள் கழித்து ஒரு நள்ளிரவில் படுக்க முடியாமல், உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் தவித்துக்கொண்டு வந்தார். எக்கோவில் இதயத்தின் பம்பிங் 30 சதவீதமாக இறங்கியிருந்தது. கிரியேட்டினின் 5-ஐத் தாண்டியிருந்தது. அவர் மனைவி கேட்டது நியாயமான கேள்வி: "இப்ப நாங்க நெஞ்சு டாக்டர பாக்கணுமா, கிட்னி டாக்டர பாக்கணுமாங்க?" இரண்டு பேரையும்தான் அம்மா. சிறுநீரக நோய் வந்தவர்களில் டயாலிசிஸ் வரை போய்ச் சேருகிறவர்களைவிட, அதற்கு முன்பே இதயத்தால் இறந்துபோகிறவர்கள் அதிகம். கலிஃபோர்னியாவில் பதினொரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவேடுகளை வைத்து 2004-இல் வெளியான ஆய்வு, சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் ஒவ்வொரு படி இறங்கும்போதும் மாரடைப்பும் பக்கவாதமும் மரணமும் ஒவ்வொரு படி ஏறுவதைக் காட்டியது. 'கிட்னி பேஷண்ட்' என்று ஃபைலில் எழுதிய அன்றே நான் அவர் இதயத்தைப் பற்றிக் கவலைப்படத் தொடங்குவது இதனால்தான்.

இனி அந்த 1.4, 1.6 விஷயம். பொறுமையாகப் படியுங்கள். ஊரில் பாதிப் பேர் மாத்திரையை நிறுத்துவது இந்த இடத்தில்தான்.

டெல்மிசார்டன், லோசார்டன், ராமிப்ரில், டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் என்று எதைத் தொடங்கினாலும் முதல் சில வாரங்களில் கிரியேட்டினின் கொஞ்சம் ஏறலாம். ஏறும் என்று தெரிந்துதான் நாங்கள் எழுதுகிறோம். வடிகட்டிக்குள் இருக்கிற அதிக அழுத்தத்தை இந்த மருந்துகள் இறக்குகின்றன. அழுத்தம் இறங்கினால் வடிகட்டும் வேகமும் அந்த நேரத்துக்குச் சற்றுக் குறையும், தாளில் எண் ஏறும். சிறுநீரகம் சேதமானதால் ஏறியதல்ல அது. டெல்மிசார்டன் வகை மருந்துகளுக்கு, தொடங்கிய நான்கு வாரத்துக்குள் 30 சதவீதம் வரை ஏறினாலும் நிறுத்தாதே என்பதுதான் உலக அளவிலான வழிகாட்டுதல். 1.4-லிருந்து 1.6 என்பது சுமார் 14 சதவீதம். 30-ஐத் தாண்டிப் பாய்ந்தால் ஏன் என்று தேட வேண்டும்: ரத்தக் குழாய் அடைப்பா, வயிற்றுப்போக்கா, வலி மாத்திரையா என்று. அதைத் தேடுவதும் மருத்துவர் வேலை, மச்சான் வேலை அல்ல.

"இப்ப ஏறினது மேல மேல ஏறாதுன்னு என்னங்க நிச்சயம்?" என்று கேட்பீர்கள். கேளுங்கள். அதற்கு விடை சொல்லத்தான் ஆயிரக்கணக்கான நோயாளிகளை வைத்து ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். 2019-இல் வெளியான கிரெடன்ஸ் ஆய்வில் சர்க்கரையால் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட 4,401 பேரைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு கானாக்ளிஃப்ளோசின் (டாபாக்ளிஃப்ளோசின் வகைதான்), மறு பாதிக்கு அதே தோற்றத்தில் மருந்தில்லாத மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. முதல் மூன்று வாரத்தில் மருந்து சாப்பிட்டவர்களின் வடிகட்டும் திறன்தான் அதிகம் இறங்கியது. நம் மச்சான் அந்தக் குழுவில் இருந்திருந்தால் மூன்றாவது வாரமே ஆய்வை மூடச் சொல்லியிருப்பார். அதன் பிறகு நடந்ததைப் பாருங்கள். மருந்து சாப்பிட்டவர்களுக்கு வருடத்துக்கு 1.85 புள்ளி இறங்கியது. சாப்பிடாதவர்களுக்கு 4.59. பலன் தெளிவாகத் தெரிந்துவிட்டதால் ஆய்வைக் குறித்த காலத்துக்கு முன்பே நிறுத்தினார்கள்.

அடுத்த சந்தேகத்தையும் தீர்த்துவிடலாம். "ரொம்பக் கெட்டுப்போன கிட்னிக்கு பிரஷர் மாத்திரை பாரம்தானே, நிறுத்தினா கொஞ்சம் தேறாதா?" உண்மையைச் சொன்னால், மருத்துவர்களிலேயே பலருக்கு இந்தச் சந்தேகம் இருந்தது. அதனால் இங்கிலாந்தில் 411 பேரிடம் நேரடியாகவே சோதித்தார்கள். எல்லோரும் முற்றிய சிறுநீரக நோயாளிகள். பாதிப் பேருக்கு ராமிப்ரில், லோசார்டன் வகை மாத்திரைகளை நிறுத்தினார்கள், மீதிப் பேருக்குத் தொடர்ந்தார்கள். மூன்று வருடம் கழித்து நிறுத்தியவர்களின் வடிகட்டும் திறன் 12.6, தொடர்ந்தவர்களுடையது 13.3. நிறுத்தியதால் எள்ளளவும் லாபமில்லை. 2022-இல் வெளியானது, ஸ்டாப்-ஏ.சி.இ.ஐ என்று பெயர். "எல்லாம் மருந்துக் கம்பெனி பண்ற ஆராய்ச்சி" என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களுக்கும் ஒன்று. கிரெடன்ஸுக்குச் செலவழித்தது கம்பெனிதான், மறுக்கவில்லை. ஆனால் இந்த 2022 ஆய்வுக்குப் பணம் போட்டது பிரிட்டிஷ் அரசின் ஆராய்ச்சி நிதி. சில ரூபாய்க்குக் கிடைக்கும் பழைய மாத்திரையைத் தொடரச் சொல்வதால் எந்தக் கம்பெனிக்கும் பெரிய லாபம் வந்துவிடப் போவதில்லை.

இதில் எனக்குப் பிடித்த ஒரு கிளைக்கதை உண்டு. ஒரு சர்க்கரை மருந்து மாரடைப்பைக் கூட்டுகிறதோ என்று 2007-இல் பெரிய சர்ச்சை எழுந்தது. அடுத்த வருடம் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, இனி வருகிற சர்க்கரை மருந்து எதுவானாலும் இதயத்துக்கு ஆபத்தில்லை என்று நிரூபித்துக் காட்டு என்றது. அந்தக் கட்டாயத்தில் எம்பாக்ளிஃப்ளோசினைச் சோதித்தார்கள். தீங்கில்லை என்று காட்டினால் போதும் என்று இறங்கியவர்களுக்கு 2015-இல் கிடைத்த முடிவு, இதயநோய் மரணம் 38 சதவீதம் குறைவு. அதே ஆய்வில் சிறுநீரகமும் பிழைத்திருந்தது. 2020-இல் வந்த டாபா-சி.கே.டி ஆய்வில் சர்க்கரையே இல்லாத சிறுநீரக நோயாளிகளுக்கும் டாபாக்ளிஃப்ளோசின் பலன் தந்தது. அதில் நம் நாட்டு நோயாளிகளும் இருந்தார்கள். "எனக்குத்தான் சுகர் இல்லையே, சுகர் மாத்திரை எதுக்கு எழுதினீங்க?" என்று சண்டைக்கு வருகிறவர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படிக்கவும். விலையும் இப்போது சாக்கு இல்லை. இந்தியாவில் டாபாக்ளிஃப்ளோசினின் காப்புரிமை 2020-இலும் எம்பாக்ளிஃப்ளோசினுடையது 2025 மார்ச்சிலும் முடிந்து, இரண்டும் நன்றாக இறங்கிவிட்டன.

ஆராய்ச்சி என்றதும் "எங்கள எலி மாதிரி ஆக்கப் பாக்கறீங்களா?" என்று கேட்பவர்களும் உண்டு. மருந்து ஆராய்ச்சியில் சேரச் சொல்லி யாராவது கேட்டால் பயந்து ஓடவும் வேண்டாம், கண்ணை மூடிக் கையெழுத்துப் போடவும் வேண்டாம். 2009-இலிருந்து இங்கே நடக்கும் ஒவ்வொரு ஆய்வும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பதிவேட்டில் முன்கூட்டியே பதிவாக வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். விவரத்தாள் தமிழில் இருக்க வேண்டும். அதை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டு வருகிறேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஆய்வினால் உடலுக்குத் தீங்கு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் 2019 விதிகளில் இருக்கின்றன. பாதியில் விலகினாலும் உங்கள் வழக்கமான சிகிச்சையை யாரும் நிறுத்த முடியாது.

சரி, உண்மையான குற்றவாளிக்கு வருவோம். டைக்ளோஃபினாக், அசெக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபன் போன்ற வலி மாத்திரைகள். செட்டுக்குள் என்ன இருக்கிறது என்று வாங்குகிறவருக்குத் தெரியாது, அட்டையும் கிடையாது, வெள்ளையில் ஒன்று, மஞ்சளில் ஒன்று, சின்னதாக ஒன்று. அந்தச் சின்னது பெரும்பாலும் ஸ்டீராய்டு. டெல்மிசார்டனும் நீர் மாத்திரையும் சாப்பிடுகிறவர் இதோடு ஒரு வலி மாத்திரையையும் சேர்த்தால் சிறுநீரகம் திடீரென்று நின்றுபோகலாம், இதயம் பலவீனமானவருக்கு நீர் கோத்துக்கொள்ளும். முதல் இரண்டைக் குறை சொல்வார்கள், மூன்றாவதைப் பற்றிக் கேட்டால் "அது சும்மா வலி மாத்திரைங்க" என்பார்கள். அந்தச் சும்மாதான் ஐயா எமன். வலிக்குப் பாராசிட்டமால் போதும், போதவில்லை என்றால் வந்து கேளுங்கள்.

சூரணம், லேகியம் பற்றிக் கேட்பீர்கள். பதிவு பெற்ற சித்த மருத்துவரோடு எனக்குச் சண்டை இல்லை. பெயரில்லாத பொட்டலத்தோடுதான் சண்டை. 'கிட்னியைச் சுத்தம் செய்யும்' என்று சொல்லி விற்கும் பொடியில் என்ன உலோகம் இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. நிறையத் தண்ணீர் குடித்தால் கிட்னி தேறும் என்பதும் அப்படித்தான். சிறுநீரகக் கல் வருகிறவருக்குத் தண்ணீர் நல்லது. சிறுநீரகம் பழுதானவர்கள் 631 பேரிடம் கனடாவில் சோதித்து 2018-இல் வெளியிட்டார்கள். கூடுதலாகத் தண்ணீர் குடித்தவர்களுக்கு ஒரு வருடத்தில் எந்த நன்மையும் தெரியவில்லை. இதயமும் பலவீனமாக இருப்பவர் குடம் குடமாகக் குடித்தால் கால் வீங்கி மூச்சு முட்டும், அவ்வளவுதான்.

கிரியேட்டினின் நார்மல் என்று நிம்மதியாக இருக்காதீர்கள். அறுபது வயதுப் பெண்ணுக்கு 1.2 என்று வந்தால் பல லேப் தாள்களில் நட்சத்திரக் குறிகூட இருக்காது. கணக்குப் போட்டால் வடிகட்டும் திறன் 52 தான், 60-க்குக் கீழே மூன்று மாதம் நீடித்தாலே நாள்பட்ட நோய். அதைவிட முன்னால் காட்டிக்கொடுப்பது சிறுநீர். சர்க்கரை, பிரஷர், இதயநோய் உள்ளவர்கள் வருடத்துக்கு ஒருமுறை சிறுநீரில் ஆல்புமின்-கிரியேட்டினின் விகிதம் (புரதம் கசிகிறதா என்று காட்டும் பரிசோதனை) பார்க்க வேண்டும். 30-க்குக் கீழே இருக்க வேண்டும். ரத்தம் எடுக்க வந்த இடத்தில் ஒரு குப்பி சிறுநீரும் கொடுங்கள் என்றால் "அதெல்லாம் எதுக்குங்க" என்று முகம் சுளிக்கிறார்கள். எதற்கென்று மேலே படித்தீர்கள். பிரஷருக்கும் சர்க்கரைக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுக்கிறார்கள். அதை வாங்கிப் பரணில் வைக்காமல் சாப்பிடுங்கள்.

மாத்திரையை நிறுத்த வேண்டிய நேரமும் உண்டு. வாந்தியோ பேதியோ வந்து தண்ணீர்கூட உள்ளே நிற்கவில்லை என்றால் டெல்மிசார்டன் வகை, நீர் மாத்திரை, மெட்ஃபார்மின், டாபாக்ளிஃப்ளோசின் வகை எல்லாவற்றையும் தற்காலிகமாக நிறுத்திவிட்டு உங்கள் மருத்துவரைக் கூப்பிடுங்கள். வழக்கம்போல் சாப்பிடத் தொடங்கி ஓரிரு நாளில் மறுபடி ஆரம்பிக்க வேண்டும், ஆரம்பிக்க மறந்துவிடாதீர்கள். ஆடியில் கோட்டை மாரியம்மனுக்கு முழுநாள் விரதம் இருப்பவர்கள் அன்று டாபாக்ளிஃப்ளோசின் வகையைச் சாப்பிட வேண்டாம். ஆபரேஷன் என்றால் மூன்று நாள் முன்பே அதை நிறுத்த வேண்டியிருக்கும், அறுவை மருத்துவரிடம் வாயைத் திறந்து சொல்லுங்கள். இந்த மருந்தில் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரலாம். வெட்கப்பட்டுக்கொண்டு மாத்திரையை ரகசியமாக நிறுத்தாதீர்கள் தாயே, சாதாரணக் களிம்பில் சரியாகும்.

பொட்டாசியம் ஏறியிருக்கிறது என்று சொல்லப்பட்டவர்கள் இளநீரையும் 'சோடியம் குறைந்த' உப்புப் பாக்கெட்டையும் தொடக்கூடாது. அந்த உப்பில் சோடியத்துக்குப் பதில் இருப்பது பொட்டாசியம்தான். மலைப்பக்கம் போகிறபோது நட்சத்திரப் பழத்தைக் கண்டால், சிறுநீரகம் பழுதானவர்கள் ஒரு துண்டுகூட வாயில் வைக்காதீர்கள். விக்கலில் தொடங்கி வலிப்பில் முடியும்.

மெடிக்கல் நடத்துகிற தம்பிகளுக்கும் ஒரு வேண்டுகோள். முட்டிவலி, முதுகுவலி என்று வந்து செட் கேட்பவரிடம் "பிரஷர், சுகர், நெஞ்சுக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களாங்க?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஆமாம் என்றால் பாராசிட்டமாலைக் கொடுத்து, மருத்துவரைப் பார்க்கச் சொல்லி அனுப்புங்கள்.