புதிர் ரேட்டிங் ஏறுகிறது, போட்டியில் ஏன் ஏறவில்லை?

"புதிரில் இரண்டாயிரத்தைத் தாண்டிவிட்டான் சார், போட்டி ரேட்டிங் மட்டும் 1450-ஐ விட்டு நகரவே மாட்டேன் என்கிறது." கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர் என்று நான் சதுரங்க வகுப்பு எடுக்கும் எல்லா ஊர்களிலும் பெற்றோர் என்னிடம் அதிகம் சொல்லும் குறை இதுதான். சொல்லும்போதே கைபேசியைத் திறந்து, மேல்நோக்கி ஏறும் பச்சைக் கோடு ஒன்றையும் காட்டிவிடுவார்கள். பையன் பின்னால் நின்று நெளிவான்.

முதலில் அந்த இரண்டு எண்களைப் பிரித்துவிடுவோம். மரக்காலில் அளந்த நெல்லையும் கிலோவில் நிறுத்த நெல்லையும் எண்ணை மட்டும் பார்த்து ஒப்பிட முடியாதல்லவா, இதுவும் அப்படித்தான். புதிர் என்பது ஓர் ஆட்ட நிலையைத் திரையில் காட்டி, சிறந்த நகர்த்தலைக் கண்டுபிடிக்கச் சொல்வது; ரேட்டிங் என்பது வெற்றி தோல்வியை வைத்துக் கணக்கிடும் திறன் புள்ளி. இணையத்தில் உங்கள் பிள்ளையின் எதிராளி அந்தப் புதிர்தான். அதை எத்தனை பேர் சரியாகப் போட்டார்கள், எத்தனை பேர் தவறவிட்டார்கள் என்பதை வைத்துப் புதிருக்கே ஒரு ரேட்டிங் உண்டு. எதிரே ஆள் இல்லை, கடிகாரம் இல்லை, தோற்றுவிட்டு அப்பா முகத்தைப் பார்க்க வேண்டிய கட்டாயமும் இல்லை. போட்டி ரேட்டிங்கோ, அதாவது உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே தரும் ரேட்டிங், 2024 மார்ச் முதல் 1400-இல்தான் தொடங்குகிறது. 1450 என்பது அடித்தளத்துக்குச் சற்று மேலே. ஆகவே இரண்டுக்கும் இடையே 550 புள்ளிக்கும் மேல் இடைவெளி இருப்பதில் அதிர்ச்சி அடைய எதுவும் இல்லை.

நான் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. பிள்ளை புதிர் போடும்போது அருகில் உட்கார்ந்து அவன் விரலை மட்டும் கவனியுங்கள். ராணியால் ஒரு செக். தவறு. உடனே யானையால் ஒரு வெட்டு. அதுவும் தவறு. மூன்றாவதாகக் குதிரை, திரை பச்சையாகிறது, அடுத்த புதிருக்குப் போய்விடுகிறான். இழந்த சில புள்ளிகளை அடுத்த இரண்டு புதிர்களில் மீட்டுவிடுகிறான். மாலை முழுவதும் இப்படிப் போனால் நாம் அதைப் பயிற்சி என்று நம்பிக்கொண்டிருப்போம். ஆனால் அவன் பழகியது தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்வதை. போட்டிப் பலகையில் தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும்.

தஞ்சாவூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் போட்டியில் நான் பார்த்த ஒரு நிலையைச் சொல்கிறேன். (கட்டத்தின் பெயரில் எழுத்து நெடுவரிசை, எண் குறுக்குவரிசை.) வெள்ளைக்கு ராணி சி4-இல், குதிரை எச்6-இல். கறுப்பு ராஜா எச்8 மூலையில், அவருக்கு முன்னால் ஜி7, எச்7 சிப்பாய்கள், பக்கத்தில் எஃப்8-இல் யானை. புதிர் போட்டுப் பழகிய எந்தக் குழந்தையும் இதைக் கண்ணை மூடிக்கொண்டு முடிக்கும்: ராணியை ஜி8-இல் வைத்துப் பலி கொடு, யானை வெட்டும், குதிரை எஃப்7-க்கு வந்தால் செக்மேட். சொந்தக் காய்களே ராஜாவை மூச்சுமுட்ட வைக்கும் அழகான மேட் அது. வெள்ளை ஆடிய சிறுமியின் கண்ணில் ஒளி வந்ததைப் பார்த்தேன். ராணி ஜி8-க்குப் போனது.

ஆனால் கறுப்புக்கு எஃப்6-இல் ஒரு குதிரை இருந்தது. ராணியை வெட்டியது யானை அல்ல, அந்தக் குதிரை. யானை எஃப்8-இலேயே உட்கார்ந்து எஃப்7-ஐக் காத்துக்கொண்டிருந்தது. மேட் போயிற்று, ராணியும் போயிற்று. ராணியைத் தொடாமல் குதிரையை நேராக எஃப்7-க்கு ஆடி செக் கொடுத்திருந்தால் போதும்: யானை வெட்டினால் ராணி அந்த யானையை எடுக்கும், குதிரைக்கு யானை லாபம், ராஜா ஜி8-க்கு ஒதுங்கினால் குதிரை மீண்டும் எச்6-க்குத் திரும்பி ராணியும் குதிரையும் சேர்ந்து இரட்டைச் செக், இதையே திரும்பத் திரும்ப ஆடினால் குறைந்தது டிரா கையில். அவளுக்கு வடிவம் தெரிந்திருந்தது. எதிராளி எந்தக் காயால் வெட்டுவான் என்று கேட்டுக்கொள்ளும் பழக்கம் இல்லை. விரல் எப்போதும் கணக்கை முந்திக்கொண்டதால் அந்தக் கேள்வி கேட்க அவளுக்கு வாய்ப்பே வந்ததில்லை.

புதிர்கள் எங்கிருந்து வருகின்றன என்று தெரிந்தால் இன்னொரு குறையும் புரியும். லிசெஸ் என்ற இணையச் சதுரங்கத் தளத்தின் புதிர்கள் அங்கே ஆடப்பட்ட ஆட்டங்களிலிருந்து கணினி பொறுக்கியவை. ஒருவர் தவறு செய்திருக்க வேண்டும், அதற்குச் சரியான பதில் ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். அந்த இடத்தை வெட்டி எடுத்து முன்னால் வைக்கிறார்கள். திரையில் முதலில் நகர்வதே எதிராளியின் அந்தத் தவறான நகர்த்தல்தான். ஆக, யோசிக்கத் தொடங்கும் முன்பே பிள்ளைக்கு மூன்று செய்திகள் இலவசமாகக் கிடைத்துவிடுகின்றன: இங்கே ஏதோ இருக்கிறது, இப்போதே இருக்கிறது, அது எனக்குச் சாதகமானது. போட்டியில் இந்த மூன்றையும் யார் வந்து காதில் சொல்வார்கள்?

உலகப் பட்டம் வென்ற ஆட்டத்திலேயே இதைப் பார்த்தோம். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், பதினான்காவது ஆட்டம். டிராவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த நிலையில், அப்போதைய உலகச் சாம்பியன் டிங் லிரென் 55-ஆவது நகர்த்தலில் யானையை எஃப்2-க்கு வைத்தார். குகேஷ் யானைகளை மாற்றிக்கொண்டு பிஷப்பை டி5-க்குக் கொண்டுவந்தால், ஏ8 மூலையில் இருக்கும் வெள்ளை பிஷப்புக்குத் தப்ப வழியே கிடையாது. பிஷப்புகளும் மாறும், மிஞ்சும் சிப்பாய் ஆட்டம் கறுப்புக்கு வெற்றி. இதையே புதிராக வைத்தால் என் வகுப்பில் நடுத்தர மாணவர்கள் போட்டுவிடுகிறார்கள். ஆனால் அது தன் கண்ணிலும் உடனே படவில்லை, வேறொரு நகர்த்தலை ஆடவிருந்தேன் என்று குகேஷே ஆட்டத்துக்குப் பிறகு சொன்னார். நிறுத்திப் பார்த்ததால் பட்டம் வந்தது. அந்த நிறுத்தத்தை எந்தப் புதிரும் தானாகக் கற்றுத்தராது.

அப்படியானால் புதிரே வேண்டாமா என்று கேட்டால், அதைவிடப் பெரிய தவறு இல்லை. 1973-இல் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஆட்ட நிலைகளைச் சில விநாடிகள் மட்டும் காட்டி, நினைவிலிருந்து திரும்ப அடுக்கச் சொன்னார்கள். உண்மையான ஆட்டத்தில் வந்த நிலை என்றால் தேர்ந்த ஆட்டக்காரர் பெரும்பகுதியை அடுக்கிவிட்டார், புதியவர் திணறினார். காய்களை இஷ்டத்துக்குச் சிதறவிட்ட நிலை என்றால் இருவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. தேர்ந்தவருக்கு நினைவாற்றல் பொதுவாக அதிகம் என்பதல்ல. காய்களைக் கூட்டம் கூட்டமாக, பழகிய வடிவங்களாகப் பார்க்கிறார். அந்த வடிவங்களைக் கண்ணில் ஏற்றுவதற்குப் புதிரைப் போல வேகமான வழி இல்லை. நான் ஆடத் தொடங்கிய காலத்தில் ஒரு நல்ல புதிர்ப் புத்தகம் வேண்டுமென்றால் சென்னைக்குப் போகிறவர்களிடம் சொல்லிவைத்துக் காத்திருக்க வேண்டும். இன்று வேதாரண்யத்தில் இருக்கும் குழந்தைக்கும் சென்னைக் குழந்தைக்கும் கிடைப்பது ஒரே புதிர். லிசெஸ்ஸில் கட்டணமும் இல்லை, விளம்பரமும் இல்லை, எத்தனை வேண்டுமானாலும் போடலாம். சில தளங்கள் இலவசக் கணக்குக்கு நாளொன்றுக்கு ஓர் அளவு வைத்திருக்கின்றன; உண்மையில் அந்த அளவு நல்லதுதான் என்று எனக்குச் சில சமயம் தோன்றும்.

என் வகுப்பில் விதி ஒன்றுதான்: எழுதாமல் தொடாதே. பக்கத்தில் ஒரு நோட்டு. தன் நகர்த்தல், எதிராளியின் மிகச் சிறந்த பதில், அதற்குத் தன் பதில், கடைசியில் யாருக்கு என்ன மிச்சம் என்று எழுதிய பிறகுதான் திரையில் கை வைக்க வேண்டும். எதிராளிக்கு வெட்ட இரண்டு காய் இருந்தால் இரண்டு வரி. முதல் வாரம் பிள்ளைகள் முனகுவார்கள், ஒரு மணி நேரத்தில் நாற்பது போட்டவன் இப்போது எட்டுதான் போடுகிறான் என்று பெற்றோரும் முனகுவார்கள். முனகட்டும். எழுதிய பதிலில் முதல் நகர்த்தல் சரியாகவும் மூன்றாவது தவறாகவும் இருந்தால், தளம் எப்படித் தீர்ப்புச் சொன்னாலும் எங்கள் நோட்டில் அது தவறுதான்.

தவறிய புதிரைக் கடந்து ஓடக் கூடாது. லிசெஸ்ஸில் ஒவ்வொரு புதிரோடும் அது எடுக்கப்பட்ட ஆட்டத்துக்கு இணைப்பு இருக்கும். அதைத் திறந்து ஐந்தாறு நகர்த்தல் பின்னால் போங்கள். அந்த யானை ஏன் காவல் இல்லாமல் நின்றது, ராஜாவுக்கு முன்னால் இருந்த சிப்பாயை யார், எப்போது தள்ளினார்கள் என்று பாருங்கள். அங்கிருந்துதான் 'இங்கே ஏதோ இருக்கிறது' என்ற மோப்பம் பிறக்கிறது. தோற்றவர் பக்கம் உட்கார்ந்து, கடைசித் தவறுக்குப் பதிலாக என்ன ஆடியிருக்கலாம் என்று தேடுவதும் அதே அளவுக்கு முக்கியம். நம் பிள்ளைகளுக்குத் தாக்கத் தெரிந்த அளவுக்கு, எதிராளி தாக்க வருவது தெரிவதில்லை.

ஃபோர்க் (ஒரே காய் இரண்டைத் தாக்குவது), பின் (காயை நகரவிடாமல் கட்டிப்போடுவது), ஸ்கூவர் (முன்னால் நிற்கும் பெரிய காயை விரட்டிப் பின்னால் இருப்பதை எடுப்பது) என்று தலைப்பு வாரியாகப் போடுவது தொடக்கத்துக்குச் சரி. பெயர் தெரிந்தபின் கலந்து வருவதற்கு மாறிவிட வேண்டும். 'ஃபோர்க்' என்று மேலே எழுதியிருந்தால் குதிரையைத் தேடுவதைத் தவிர வேறு வேலை இல்லை. கடினம் கூட்டினால் நல்லது என்ற எண்ணமும் பெற்றோரிடம் இருக்கிறது. இரண்டு மூன்று நகர்த்தலில் முடியும் எளிய புதிர்களின் ஒரு தொகுப்பை, மாதம் ஒருமுறை அதே வரிசையில் திரும்பத் திரும்பப் போட்டு, ஒவ்வொரு முறையும் நேரம் குறைகிறதா என்று பார்ப்பதுதான் போட்டியில் எனக்குப் பலன் காட்டியிருக்கிறது. மூன்று நிமிடத்தில் எத்தனை முடிகிறதோ அத்தனை போடும் ஓட்டப் புதிர்களை வாரம் ஒருமுறை விருந்தாக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

சின்ன விஷயம்போலத் தோன்றும் ஒன்று: திரையில் பலகையை மேலிருந்து பார்க்கிறோம், போட்டியில் பக்கவாட்டில் பார்க்கிறோம். திரையில் மட்டுமே பழகிய குழந்தைக்கு, தன் ராஜாவுக்குப் பக்கத்தில் நிற்கும் காய்களின் மறைவில் நீண்ட மூலைவிட்டக் கோட்டின் மறுமுனை தெரிவதில்லை. நாளுக்கு இரண்டு புதிராவது உண்மையான பலகையில் அடுக்கிப் போடச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் மின்சாரம் போகும் மாலைகள் இதற்கு மிக வசதி.

போட்டிக்கு முன்பு நீடாமங்கலம் பக்கம் பூவனூருக்குப் போய் சதுரங்க வல்லபநாதரைக் கும்பிட்டு வருகிறோம் என்று சில குடும்பங்கள் சொல்வதுண்டு. ராஜராஜேஸ்வரியோடு சதுரங்கம் ஆடி வென்று அவரை இறைவன் மணந்த தலம் அது. தாராளமாகப் போய்வாருங்கள்; திரும்பும் பஸ்ஸில் பிள்ளை கையில் கைபேசியைக் கொடுத்து "நாற்பது புதிர் போடு" என்று மட்டும் சொல்லாதீர்கள். முந்தைய இரவு புதிரே வேண்டாம். போட்டி நாள் காலையில், ரேட்டிங் கணக்கில் சேராதபடி அமைப்பை மாற்றிவிட்டு, மிக எளிதான நிலையில் ஐந்தாறு போட்டால் கண் விழித்துக்கொள்ளும். சுற்று முடிந்து வெளியே வந்ததும் "ஜெயித்தாயா" என்று கேட்பதற்கு முன்னால், நகர்த்தல்களை எழுதிய ஆட்டத்தாளை வாங்கிப் பாருங்கள். எந்த நகர்த்தலில் அதிக நேரம் எடுத்தாய், அங்கே எதிராளி என்ன செய்துவிடுவான் என்று நினைத்தாய் என்று கேளுங்கள். பதில் சொல்ல முடிந்தால் நோட்டு வேலை செய்கிறது. முடியாவிட்டால் அந்த ஆட்டத்தாளை எடுத்துக்கொண்டு வகுப்புக்கு வரட்டும், அந்த வாரத்தின் முதல் புதிர் அதிலிருந்துதான்.