பெட்டியில் 4கே, பேனலில் 4கே இல்லை

மறுபடியும் ஒன்று வந்துவிட்டது. 43 அங்குல டிவி, வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. "அண்ணே, 4கே வீடியோ போட்டா எழுத்தெல்லாம் கலங்கலா தெரியுது, செட்டிங்கைச் சரி பண்ணிக் குடுங்க" என்று ஒரு தம்பி தூக்கி வந்தார். செட்டிங்கில் கோளாறே இல்லை. அந்த டிவியின் பேனலே, அதாவது படம் காட்டும் திரையே, 1920-க்கு 1080 புள்ளிதான். அட்டைப் பெட்டியில் மட்டும் தங்க எழுத்தில் '4கே சப்போர்ட்'. திஞ்சான் (பர்மியப் புத்தாண்டு) தள்ளுபடி முடிந்ததும் இப்படி வருவது வழக்கமாகிவிட்டது. யாங்கோனில் டிவி பழுதுபார்க்கும் யாரைக் கேட்டாலும் இதையே சொல்லிப் புலம்புவார்கள்.

சரி, பொறுமையாகவே சொல்கிறேன். டிவிக்குள் மெயின் போர்டு வருகிற சிக்னலைப் படிக்கிறது, பேனல் அதைக் காட்டுகிறது. '4கே சப்போர்ட்', '4கே டிகோடிங்' எல்லாம் போர்டைப் பற்றிய பேச்சு. பேனல் எத்தனை புள்ளி என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. 4கே படத்துக்கு 3840-க்கு 2160, அதாவது சுமார் 83 லட்சம் புள்ளி வேண்டும். 1080 பேனலில் இருப்பது 21 லட்சத்துக்கும் குறைவு. 32 அங்குலத்தில் மலிவாக வருபவை பெரும்பாலும் 1366-க்கு 768, பத்து லட்சத்துச் சொச்சம். குடத்துத் தண்ணீரைச் சொம்பில் ஊற்றினால் சொம்பளவுதான் நிற்கும். போர்டு படத்தைச் சுருக்கிப் பேனலுக்கு அனுப்பிவிடும், திரையில் எந்த எச்சரிக்கையும் வராது.

அதனால்தான் கடைக்காரர் யூடியூபில் 4கே வீடியோவை ஓட்டிக்காட்டி "ஓடுதா இல்லையா?" என்று கேட்டால் நாமும் தலையாட்டிவிட்டுப் பணத்தை எண்ணுகிறோம். ஓடினால் அது 4கே டிவி ஆகிவிடாது. தரப் பட்டியலில் 2160 என்று தேர்ந்தெடுக்க முடிந்தாலும் ஆகாது. லேப்டாப்பை மாட்டியதும் 3840 என்று காட்டினாலும் ஆகாது, ஏனென்றால் அதையும் சொல்வது போர்டுதான். இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டை வற்றிவிட்டது.

மாடல் எண்ணை எழுதிக்கொண்டு, தயாரிப்பாளரின் இணையப் பக்கத்தில் 'நேட்டிவ் ரெசல்யூஷன்' அல்லது 'பேனல் ரெசல்யூஷன்' என்ற வரியைத் தேடுங்கள். அந்த மாடலுக்குப் பக்கமே இல்லை என்றால் அந்தக் கடையை விட்டு வெளியே வாருங்கள். கடையிலேயே சோதிக்க நினைப்பவர்கள் லேப்டாப்பை எச்டிஎம்ஐ வழியாக 3840-க்கு 2160-இல் வைத்து, ஒரு புள்ளி கறுப்பு, ஒரு புள்ளி வெள்ளை என்று மாறி மாறிக் கோடு போட்ட படத்தை நூறு சதவீத அளவில் திறந்து, கண்ணைத் திரைக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பாருங்கள். உண்மையான பேனலில் கோடுகள் தனித்தனியாக நிற்கும். மற்றதில் சாம்பலாகவோ அலை அலையாகவோ குழம்பும். (பென்டிரைவில் போட்டுப் பார்க்காதீர்கள். நல்ல 4கே டிவியிலும் படம் காட்டும் ஆப் 1080-இல் வரைவதுண்டு.)

வெளிச்சத்தையும் நிழலையும் பிரித்துக் காட்டும் எச்டிஆரும் இதே கதைதான். போர்டு சிக்னலைப் படிக்கும், ஆனால் 250, 300 நிட்ஸ் வெளிச்சம் உள்ள பேனலில் அதற்குப் பெரிய பலன் கிடையாது. பந்தாட்டத்துக்காக 'மோஷன் 200' என்று வாங்குபவர்கள் பேனலின் நிஜ ஹெர்ட்ஸை, அதாவது நொடிக்கு எத்தனை முறை படம் மாறுகிறது என்பதைக் கேளுங்கள், அநேகமாக 60 தான் இருக்கும். க்யூஎல்இடி என்பதும் பின்விளக்கு வைத்த எல்சிடிதான், புள்ளிகள் தாமே ஒளிரும் ஓஎல்இடியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். மூசே எல்லை வழியாக வரும் சீன உள்நாட்டு மாடல் என்றால் ஆன்டெனா சிக்னலைப் பிடிக்கும் ட்யூனரைக் கேட்டே ஆக வேண்டும். ஒளிபரப்பு முறை சீனாவில் டிடிஎம்பி, நம் நாட்டில் டிவிபி-டி2. ஆன்டெனா மாட்டிப் பார்க்கும் வீட்டில் அது ஒரு சானலும் எடுக்காது.

யாரும் படிக்காத இன்னொரு வரி டிவியின் முதுகில் இருக்கிறது: 'ஏசி 100–240 வோல்ட்'. அப்படி இருந்தால் சாயங்காலம் வோல்டேஜ் இறங்குவதற்குப் பயப்பட வேண்டாம். டிவியைக் கொல்வது, போன மின்சாரம் திரும்பி வருகிற நொடி. தெருவே "மீ லாபீ!" (கரண்ட் வந்துவிட்டது!) என்று கத்தும்போது உங்கள் பிளக் சுவரில் இருக்கக் கூடாது. ரிமோட்டில் அணைத்தால் போதாது, பவர் சப்ளை அப்போதும் மின்சாரத்தில்தான் இருக்கும். பிளக்கைப் பிடுங்க மறப்பவர்கள் சில நிமிடம் தாமதித்து மின்சாரம் விடும் சேஃப்கார்டு ஒன்றை மாட்டுங்கள், தயவுசெய்து.

அதே லேபிளில் வாட் எண்ணையும் பாருங்கள். மின்சாரம் போனபோது 100 வாட் டிவியை 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியில் ஓட்டினால், பேட்டரியைப் பாதிக்கு மேல் வடிக்காமல், இன்வெர்ட்டரில் வீணாவது போக, சுமார் ஐந்து மணி நேரம் கிடைக்கும். 55 அங்குலம் கேட்டு அடம்பிடிக்கும் பிள்ளைகளிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். பின்விளக்கைப் பாதிக்கு இறக்கினால் நேரம் இன்னும் நீளும், எல்இடி பட்டைகளும் பிழைக்கும். கடையில் கண்ணைப் பறிக்க 'விவிட்' முறையில் முழு வெளிச்சம் வைத்திருப்பார்கள். அதை அப்படியே வீட்டில் ஓட்டி, பட்டை கருகி, சத்தம் வருது படம் வரலை என்று என்னிடம் வருபவர்களே அதிகம்.

அப்புறம், வாங்கியதைச் சைக்காவில் (சைக்கிள் ரிக்‌ஷாவில்) படுக்கப்போட்டுக் கொண்டுபோகாதீர்கள். ஒருவர் கூட உட்கார்ந்து நிமிர்த்திப் பிடித்துக்கொள்ளட்டும். உடைந்த பேனலுக்கு வாரண்டி கிடையாது, புதுப் பேனலின் விலையோ கிட்டத்தட்ட டிவி விலை.